ஹார்டி போட்ட புள்ளிகள்

பிள்ளைகளே, உங்க சாப்பாட்டை நண்பனுக்குப் பங்கு கொடுத்தால் அது தாராள மனம். ஆனால், நண்பன் உங்களைவிடக் கெட்டிக்காரன் என்று எல்லார் முன்னாலும் சந்தோஷமாகச் சொல்ல முடியுமா? அதுக்குப் பெயர்தான் பெருந்தன்மை. ஒரு உண்மைக் கதை கேளுங்க.

கணித மேதை இராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருக்கு எப்பவும் கணக்குத்தான். மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. அதனால் கல்லூரிப் பரீட்சையில் தோற்றுப்போனார். வேலை இல்லாமல் கஷ்டப்பட்டார். இராமச்சந்திர ராவ் என்ற அதிகாரி மாதாமாதம் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து உதவினார். பிறகு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில், தான் கண்டுபிடித்த கணக்குகளை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் போட்டார். ஹார்டி அப்போதே பேர்பெற்ற கணித அறிஞர். இராமானுஜனை இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்குகளைத் தன்னுடையவை என்று ஹார்டி சொல்லியிருந்தால், யார் கேட்டிருப்பார்கள்? ஹார்டி அப்படிச் செய்யவில்லை. இராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் சொன்னார்.

1914ஆம் ஆண்டு இராமானுஜன் கப்பலில் வந்தார். இருவரும் சேர்ந்து கணக்குச் செய்தார்கள். கட்டுரைகளில் இருவர் பெயரும் வந்தது. குளிரும் நோயும் இராமானுஜனை வாட்டின. லண்டனில், பட்னியில் அவர் நோயோடு இருந்தபோது ஹார்டி போய்ப் பார்த்தார். 1918ஆம் ஆண்டு இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினார். 1920ஆம் ஆண்டு, 32 வயதிலேயே இறந்துபோனார்.

பிறகு ஒருமுறை ஹார்டி, கணித அறிஞர்களின் திறமைக்குப் புள்ளி போட்டுப் பார்த்தார். இராமானுஜனுக்கு 100. தனக்கு வெறும் 25! அதனால் ஹார்டி சின்னவர் ஆகிவிட்டாரா? இல்லையே! இன்றைக்கும் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.

பெருமை + தன்மை = பெருந்தன்மை. பெரிய மனம் என்று பொருள்.

லூயிஷாமில் நம்ம வகுப்பில் உங்களைவிட நல்லாத் தமிழ் வாசிப்பவர் யார்? இன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்க. முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை.