தச்சர் மகன் ஜான் ஹாரிசன்

நம்ம மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் ஊட்டி. அங்கே லாட்ஜுக்கு லாட்ஜ் கீசர் உண்டு. தண்ணீர் சூடானதும் தானாகவே நின்றுவிடும். நிறுத்துவது தெர்மோஸ்டாட். அந்த யோசனைக்கு வழிகாட்டியவர் ஒரு தச்சரின் மகன் என்றால் நம்புவீர்களா?

ஜான் ஹாரிசன் 1693-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தார். கல்லூரிப் பக்கமே போனதில்லை. அப்பாவோடு மரவேலை பார்த்தவர், இருபது வயதில் மரத்தாலேயே கடிகாரம் செய்தார்.

வெயில் காலத்தில் ஊசல் கம்பி நீளும்; கடிகாரம் மெதுவாக ஓடும். இதற்கு ஹாரிசன் எஃகுக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கோத்தார். எஃகு கீழே நீண்டால் பித்தளை மேலே தள்ளும். ஊசலின் நீளம் மாறாது!

நடுக்கடலில் கப்பல் இருக்குமிடம் அறிய வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அறிவித்தது. துல்லியமான கடிகாரம் இருந்தால் போதும் என்றார் ஹாரிசன். ஆடும் கப்பலில் ஊசல் உதவாது. எனவே தன் மூன்றாவது கடல் கடிகாரத்தில் பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாக இணைத்தார். சூடுபட்டால் அது வளையும். நாம் படிக்கிற பைமெட்டல் இதுதான்! அந்தக் கடிகாரத்துக்கே பத்தொன்பது வருஷம் உழைத்தார்.

நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாளில் பிசகியது 5 விநாடிதான். ஆனாலும் பரிசுக் குழு நம்பவில்லை. ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்தது. மறுபடி சோதனை, புதுப்புது நிபந்தனை! பாதிப் பணம் 1765-ல் வந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகே, 1773-ல், எண்பது வயதில் இன்னும் 8,750 பவுண்டு கிடைத்தது. 1776-ல் மறைந்தார்.

இப்போது கீசருக்கு வருவோம். ராடு தெர்மோஸ்டாட்டில் வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் கம்பி. இரண்டும் நுனியில் இணைந்திருக்கும். சூட்டில் குழாய் நீளும், இன்வார் அவ்வளவாக நீளாது. குழாய் கம்பியை இழுக்க, சுவிட்ச் பிரிந்து கரண்ட் நிற்கும். ஆறினால் மறுபடி சேரும். அது பழுதானாலும், பைமெட்டல் கட்-அவுட் வளைந்து காப்பாற்றும். ஹாரிசனின் இரண்டு யோசனைகளும் ஒரே கீசருக்குள்!

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பெரிய படிப்பாளிகள் முன்னால் நிற்கக் கூச்சம்தான். ஹாரிசன் அவர்களிடம் வாதாடி மட்டும் ஜெயிக்கவில்லை, செய்து காட்டினார். நம் கையிலும் ஸ்பேனர் இருக்கிறது, நண்பர்களே!