காரை விறைப்பாக்குவது எப்படி? லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் கதை

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பானெட்டைத் திறந்து காட்டினால், இன்ஜினுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி பளபளக்கும். பெயர் ஸ்ட்ரட் பார். இடது, வலது சஸ்பென்ஷனின் தலைப்பகுதிகளை அது இணைக்கிறது. வளைவில் திரும்பும்போது பாடி நெளியக் கூடாது என்பதுதான் நோக்கம். சில கார்களில் அது உண்மையாகவே வேலை செய்யும். பல கார்களில் சும்மா அழகுக்குத்தான்.

எது வேலைக்கு, எது அழகுக்கு? இந்தக் கேள்வியோடே வாழ்ந்தவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன்.

அவர் கதைக்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. மூடி இல்லாத ஷூ டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நன்றாக நெளியும். மூடியை வைத்து நாலு பக்கமும் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அசையவே அசையாது. காரும் இப்படித்தான். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது மொத்த காரும் முறுக்கப்படுகிறது. அப்போது சேஸி நெளிந்தால் அதுவே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். ஆனால் அந்த ஸ்பிரிங்கை அடக்க ஷாக் அப்சார்பர் எதுவும் இருக்காது. எவ்வளவு விலையுயர்ந்த சஸ்பென்ஷன் போட்டாலும் வீண்தான்.

விற்காமல் நின்ற பழைய கார்

சாப்மன் 1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அப்பா வடக்கு லண்டனில் ஒரு விடுதி நடத்தினார். மகன் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் படித்தது ஆட்டோமொபைல் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங். பாலமும் கட்டடமும் எடையை எப்படித் தாங்குகின்றன என்ற படிப்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

படிக்கும்போதே பழைய கார் வியாபாரமும் செய்தார். 1947-ல் பிரிட்டிஷ் அரசு பெட்ரோல் ரேஷனை இறுக்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. கையிருப்பை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட பிறகும் ஒரு பழைய ஆஸ்டின் 7 மட்டும் மிஞ்சியது. 1948-ல் காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுப் பின்னாலிருந்த ஷெட்டில் அதைப் பிரித்துப் போட்டார். பழைய பாடியைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது பாடி செய்தார். பாடி வெறும் போர்வையாக இல்லாமல், சேஸியோடு சேர்ந்து முறுக்கைத் தாங்க வேண்டும் என்பது யோசனை. மூடி ஒட்டிய ஷூ டப்பாதான்!

1952-ல் ஹேசலிடம் வாங்கிய 25 பவுண்ட் கடனில் லோட்டஸ் இன்ஜினீயரிங் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து இருவருக்கும் திருமணம். அந்தக் காலத்து மார்க் 6 காரின் சேஸி, மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த கூண்டு. வெறும் கூண்டின் எடை சுமார் 25 கிலோதான். நாலு கம்பியில் செய்த சதுரத்தை ஒரு மூலையில் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கம்பி போட்டு முக்கோணமாக்கினால் சாயாது. இன்றைக்கு காருக்கு அடியில் மாட்டும் பிரேஸ்களுக்கும் இதே கணக்குதான்.

தொட்டி, முதுகெலும்பு

1962-ல் வந்த இரண்டு கார்கள்தான் அவர் திறமையின் உச்சம் என்பது என் கணிப்பு. ஒன்று, ஃபார்முலா 1-க்கான லோட்டஸ் 25. குழாய்க் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலுமினியத் தகட்டை மடித்துத் தொட்டி போலச் செய்து, அதற்குள் டிரைவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார். அதற்கு முந்தைய கூண்டுக் காரைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, ஆனால் சேஸியின் எடை பாதி. 1963-ல் ஜிம் கிளார்க் அதில் 7 பந்தயங்களை வென்று உலக சாம்பியன் ஆனார்.

இன்னொன்று, சாலையில் ஓட்டும் எலான். கூரை இல்லாத கார் என்றால் மூடி இல்லாத டப்பா. அதற்கு அவர் கண்ட வழி, காரின் நடுவில் எஃகுத் தகட்டில் மடித்த ஒரு பெட்டி, முதுகெலும்பு மாதிரி. இரண்டு முனைகளிலும் அது கவட்டைபோலப் பிரிந்து சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஃபைபர் கிளாஸ் பாடி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலானின் ஹெட்லைட்டைத் தூக்கி நிறுத்துவது வெற்றிடத்தின் இழுவிசை. அதைச் சேமிக்கும் தொட்டி வேறெங்கும் இல்லை, சேஸியின் முன்பக்கக் குறுக்குப் பெட்டியேதான். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், பழைய எலான்களில் ஹெட்லைட் மெதுவாகத் தூங்கி விழும். ஒரே பாகத்தில் இரண்டு வேலை வாங்குவது சாப்மனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

கார்ட்டினா கற்றுக்கொடுப்பது

நம் காலத்து ஸ்ட்ரட் பார் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 1963-ல் வந்த லோட்டஸ் கார்ட்டினா. ஃபோர்டின் சாதாரணக் குடும்ப காரை லோட்டஸ் பந்தயத்துக்குத் தயார் செய்தது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, காயில் ஸ்பிரிங்கும் ஆக்ஸிலைப் பிடிக்க ஏ வடிவச் சட்டமும் போட்டார்கள். விசை இப்போது பாடியின் புதிய இடங்களில் இறங்குகிறது. அதைத் தாங்கும்படி அந்தத் தகடு செய்யப்படவில்லை. அதனால் பின் சீட்டுக்குப் பின்னாலும், டிக்கிக்குள் வீல் ஆர்ச்சிலிருந்து சேஸி வரையிலும் பிரேஸ்கள் வந்தன. ஸ்டெப்னி டயர் இருந்த இடம் போய்விட்டது. அதை டிக்கித் தரையில் போல்ட் போட்டு நிறுத்தினார்கள்.

சரி, பிரச்சினை முடிந்ததா? இல்லை. விசை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போனது. ஏ சட்டத்தைத் தாங்கிய டிஃபரென்ஷியல் ஹவுசிங்கில் போல்ட்டுகள் தளர்ந்தன, ஆயில் ஒழுகியது, அந்த ஆயிலில் ரப்பர் புஷ்கள் ஊறிப்போயின. 1965-ல் மறுபடியும் பட்டை ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள்.

பிரேஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியதும் இதுதான். கம்பியின் இரு முனையும் சஸ்பென்ஷன் விசை இறங்கும் இடத்தில் சேர்கிறதா? நேராகப் போகிறதா, இன்ஜினைச் சுற்றி வளைகிறதா? வளைந்த கம்பி முதலில் தானே நெளியும். மாட்டும் இடத்தில் துரு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். மாட்டும்போது கார் சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், பாடி நெளிந்த நிலையிலேயே பூட்டிவிடுவீர்கள்.

மெலிதாக விட்டதன் விலை

விறைப்பு வேறு, உறுதி வேறு. சாப்மன் கார்களின் சேஸி விறைப்பாகவே இருந்தது. ஆனால் எடை குறைக்க அவர் மெலிதாக்கிய சின்னச் சின்ன பாகங்கள் உடைந்தன. 1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்துக்கான பயிற்சியில், ஒரே நாளில் லோட்டஸ் கார் ஒன்றின் சக்கரம் கழன்று ஸ்டிர்லிங் மாஸின் கால்கள் முறிந்தன. இன்னொரு லோட்டஸில் ஸ்டீரிங் தண்டு உடைந்து மைக் டெய்லர் படுகாயமடைந்தார்.

1969-ல் பார்சிலோனாவில் இறக்கை முறிந்து விபத்துக்குள்ளான யோஹன் ரிண்ட், பலவீனமான பாகங்களைக் கெட்டியாக்கும்படியும், அதனால் சில கிலோ கூடினால் பரவாயில்லை என்றும் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று மோன்சாவில் அவருடைய லோட்டஸ் 72-ன் முன்பக்க பிரேக் தண்டு முறிந்தது. ரிண்ட் இறந்தார். இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா 1 வீரர் அவர்தான். சாப்மனின் மேதைமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போக முடியாது.

1978-ல் லோட்டஸ் 79 காற்றழுத்தத்தால் தரையோடு ஒட்டி ஓடி, மரியோ ஆண்ட்ரெட்டியை சாம்பியன் ஆக்கியது. ஆனால் அந்த அழுத்தத்துக்கு அதன் அலுமினியத் தொட்டியின் விறைப்பு போதவில்லை. அதே யோசனையை இன்னும் விறைப்பான சேஸியில் செய்த வில்லியம்ஸ் அணி 1979-லேயே முந்திவிட்டது. விறைப்பைப் பற்றி உலகுக்குப் பாடம் எடுத்தவரே அதில் தோற்றார்! பதிலுக்கு 1981-ல் கார்பன் ஃபைபரில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சேஸி வைத்த லோட்டஸ் 88-ஐக் கொண்டுவந்தார். அதற்குத் தடை விதித்துவிட்டார்கள்.

கடைசி ஆண்டுகளில் அவர் பெயர் டிலோரியன் விவகாரத்தில் அடிபட்டது. அந்தக் காருக்கு எலான் பாணி முதுகெலும்பு சேஸியைக் கொடுத்தது லோட்டஸ்தான். அந்தத் திட்டத்தின் பணம் மாயமான வழக்கில் லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் 1992-ல் சிறைக்குப் போனார். சாப்மன் விசாரணைக்கே வரவில்லை. 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் இறந்திருந்தார். வயது 54. அதே நாளில் ஸ்நெட்டர்டன் டிராக்கில், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் பொருத்திய ஃபார்முலா 1 காரை அவருடைய அணி முதன்முறையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.