திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பலும் அதனைக் கட்டிய தச்சரும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரின் அருங்காட்சியகத் துறையில், மூன்று பாய்மரங்களுடன் ஒரு பழைய போர்க்கப்பல் மிதந்து கொண்டிருக்கிறது. நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே. நெல்சனின் விக்டரி அதனினும் மூத்ததாயினும், அது உலர்தளத்தில் நிலையாக நிறுத்தப்பட்டுவிட்டது. ஹார்ட்டில்பூலில் மிதக்கும் கப்பலின் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் நாவில் அது ட்ரிங்கோமலி.

நமது துறைமுகத்தின் பெயர் அதற்கு வாய்த்தது ஒரு கடற்போரினாலாகும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். மைசூரின் ஹைதர் அலியோடு நட்புப் பூண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் அதனை அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே அவரோடு பொருதின. எவருக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. திருகோணமலையும் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. வெல்லாத போரின் பெயரையும் கப்பலுக்குச் சூட்டி மகிழ்வது பேரரசுகளின் வழக்கம் போலும்.

கப்பலின் பெயர் இவ்வாறு நம்முடையதாயிருக்க, அதனைக் கட்டியவரின் பெயரோ நம் கரைகளில் அதிகம் வழங்குவதில்லை. அவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1754ஆம் ஆண்டளவில் பிறந்து 1821இல் மறைந்த பார்சி சமூகத்தவர். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைத் தச்சர்.

வாடியா என்பது கப்பல் தச்சரைக் குறிக்கும் தொழிற்பெயர். அக்குடும்பத்தின் பூர்வீகம் சூரத். கிழக்கிந்தியக் கம்பனி தனது கப்பல் தொழிலைப் பம்பாய்க்கு மாற்ற முற்பட்ட 1730களில், லௌஜி நசர்வான்ஜி என்ற தச்சர் தம் தொழிலாளர் சிலரோடு அங்கு சென்று குடியேறினார். அவருடைய மகன் பொமன்ஜி. பொமன்ஜியின் மகனே ஜம்ஷெட்ஜி. வாய்ச்சியும் உளியும் அக்குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற சொத்து. 1792இல் ஜம்ஷெட்ஜி, தம் பெரியதந்தையின் மகனான ஃப்ராம்ஜி மானெக்ஜியோடு சேர்ந்து தலைமைத் தச்சர் பதவியேற்றார். 1804இல் ஃப்ராம்ஜி காலமானபின் பொறுப்பின் பெரும்பகுதி இவர் தோள்களிலேயே விழுந்தது.

அக்காலம் இவருக்குச் சாதகமாயிருந்தது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போர்களினால் இங்கிலாந்தின் ஓக் காடுகள் அருகிப்போயின. கப்பலின்றிக் கடலாட்சி இல்லை. மரமின்றிக் கப்பல் இல்லை. பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் பார்வை பம்பாயின் பக்கம் திரும்பியது. 1800இல் ஜம்ஷெட்ஜி கம்பனிக்காகக் கட்டிய கோர்ன்வாலிஸ் என்னும் கப்பலின் உறுதி அவர்களைக் கவர்ந்தது. கடற்படை அதனை 1805இல் விலைக்கு வாங்கி, 1811இல் அக்பர் எனப் பெயர் மாற்றியது. முகலாயப் பேரரசரின் பெயரோடு ஓர் ஆங்கிலப் போர்க்கப்பல் கடலில் உலவியது என்பது பலர் அறியாத செய்தி.

இக்கப்பலைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. சபிக்கப்பட்ட கறுப்பன் ஒருவனே இதனைக் கட்டினான் என்னும் பொருள்பட, ஆண்டையும் சேர்த்து, ஜம்ஷெட்ஜி அதன் உள்மரமொன்றில் செதுக்கி வைத்தாராம். பல ஆண்டுகளின் பின், கப்பல் பழுதுபார்க்கப்பட்டபோதுதான் அவ்வெழுத்துகள் வெளிப்பட்டனவாம். கதை எவ்வளவு உண்மையோ, அதனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்தவர்கள் அந்தத் தச்சரின் உள்ளத்தைச் சரியாகவே ஊகித்திருக்க வேண்டும். தம்மை ஏவியவர்கள் தம்மை எவ்வாறு அழைத்தனர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1810 ஜூனில் மிண்டன் என்னும் 74 பீரங்கிக் கப்பல் பம்பாயில் நிறைவெய்தியது. அரச கடற்படைக்காக இந்தியாவில் கட்டப்பட்ட முதலாவது பெரும் போர்க்கப்பல் அதுவே. கப்பல் வெள்ளோட்டம் என்றதும் சரிவுமேடையில் வழுக்கிச் சென்று நீரைப் பிளக்கும் காட்சியே நம் கண்முன் வரும். மிண்டனோ புதிய உலர்தளத்துக்குள் எழுப்பப்பட்டு, வற்றுப்பெருக்கு உச்சமடைந்த வேளையில் நீர் ஏற ஏறத் தானே மிதந்து வெளியேறியது. அமெரிக்க தேசிய கீதம் இக்கப்பலின் மேற்றளத்தில் எழுதப்பட்டது என்று இன்றும் சிலர் எழுதி வருகின்றனர், அது தவறு. அப்பாடலாசிரியர் அன்று இருந்தது வேறொரு படகிலாகும்.

இக்கப்பல்களின் உறுதிக்குக் காரணம் மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் அமிலம் இரும்பாணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ அவற்றைக் காக்கும். குண்டு துளைத்தால் ஓக் கூரிய சிம்புகளாகச் சிதறி மாலுமிகளைக் கொல்லும். தேக்கு அவ்வாறு அதிகம் சிதறுவதில்லை. பலகைகளின் விளிம்புகளை ஒன்றினுள் ஒன்று பொருந்துமாறு குடைந்து இணைக்கும் மேற்கிந்தியத் தச்சு முறை, நீர்க்கசிவைப் பெரிதும் குறைத்தது.

ஆயின் அத்தேக்கின் கதை முழுவதும் பெருமைக்குரியதன்று. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் மலபார் கம்பனிக்குக் கைமாறியது. 1806இல் வட்சன் என்ற பொலிஸ் கப்டன் காடுகளின் காப்பாளராக நியமிக்கப்பட்டு, தேக்கு முழுவதும் கம்பனியின் ஏகபோகமாயிற்று. தலைமுறைகளாக மரவணிகம் செய்துவந்த மாப்பிள்ளை முஸ்லிம் வணிகர்களும், நிலவுடைமையாளரும், காட்டையே நம்பியிருந்த குடிகளும் அதனால் நொந்தனர். முறைப்பாடுகள் பெருகவே, 1823இல் சென்னை ஆளுநர் மன்றோ அப்பதவியை ஒழித்தார். திருகோணமலைக் கப்பலின் மரங்கள் இந்த ஏகபோகக் காலத்தில் வெட்டப்பட்டவையாகும்.

அக்கப்பல் பிறந்த விதமே விசித்திரமானது. 1812இல் அதற்கான கட்டளை பிறந்தது. வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பலை, அதே ஆண்டு டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கர் பிடித்து அழித்தனர். மறுபடியும் படிகள் அனுப்பப்பட்டன. 1816 ஏப்ரலில் ஏரா எனப்படும் அடிமரம் இடப்பட்டபோது, பார்சி வழக்கப்படி எழுத்துப் பொறித்த வெள்ளியாணி ஒன்று அதில் அறையப்பட்டது. 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி கப்பல் நீரில் இறங்கியது. செலவு ஏறத்தாழ 23,000 பவுண். 1819 ஏப்ரலில் அது போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது நெப்போலியன் செயின்ட் ஹெலனாவில் சிறைப்பட்டிருந்தான்; போர் முடிந்துவிட்டது. பயணத்தில் அத்தீவில் ஆறு நாள் தங்கிய கப்பல், நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு சென்றது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அது பாய்விரிக்காமலே கிடந்தது.

ஜம்ஷெட்ஜியின் வெற்றி இலண்டனில் எல்லோருக்கும் இனிக்கவில்லை. தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டுநர், இந்தியக் கப்பல்கள் தம் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று 1814இல் பாராளுமன்றத்திடம் முறையிட்டனர். லஸ்கர் எனப்பட்ட நம் நாட்டு மாலுமிகளுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களைப் பிரித்தானிய மாலுமிகளாகக் கணக்கிட அக்காலக் கப்பற் சட்டங்கள் மறுத்தன. மன்னரின் கப்பலைக் கட்டலாம், மன்னரின் கொடியின்கீழ் மடியலாம். மன்னரின் மாலுமியாக மட்டும் எண்ணப்படலாகாது!

இவரைப் போற்றுவோர் மறைக்கக் கூடாத மறுபக்கமும் உண்டு. 1813இல் இவர் கட்டிய மற்றொரு கோர்ன்வாலிஸ் கப்பலின் தளத்திலேதான், அபின் போரில் தோற்ற சீனா 1842இல் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இவர் மகன் நௌரோஜியின் காலத்தில் 1824இல் இறங்கிய ஏசியா, 1827இல் நவரினோவில் உஸ்மானிய, எகிப்தியக் கடற்படைகளை அழித்த தளபதியின் கொடிக்கப்பல். அதே தளம்தான் மஸ்கட்டின் இமாமுக்கும் லிவர்பூல் என்ற போர்க்கப்பலைக் கட்டிக் கொடுத்தது. பீரங்கி எத்திசை நோக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஜம்ஷெட்ஜியிடம் இருந்ததில்லை. எனினும் அவர் மனமுவந்து கம்பனிக்கு ஊழியம் செய்தவர். அதன் வெகுமதிகளை ஏற்றவர். திறமையும் அடிமைத்தனமும் ஒரே கையில் ஒரே உளியைப் பிடித்திருந்தன என்றே சொல்ல வேண்டும்.

1821 ஓகஸ்டில் அவர் காலமானார். அப்போது தளத்தில் நின்ற கங்கை என்ற 84 பீரங்கிக் கப்பல், அவ்வாண்டு நவம்பரில் மகன் பொறுப்பில் நீரில் இறங்கியது. பிற்பாடு அக்குலத்தில் தோன்றிய அர்தசீர் கர்செட்ஜி, 1841இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியரானார்.

ஜம்ஷெட்ஜியின் எந்த வெள்ளோட்டத்துக்கும் நிழற்படம் கிடையாது. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். 1857இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் வெள்ளோட்டச் சங்கிலிகளுக்கு முன் சுருட்டுடன் நிற்கும் பொறியியலாளர் புரூனெலின் படம் உலகப் புகழ்பெற்றது. நம் தச்சருக்கு வாய்த்தது, கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலுள்ள ஓர் ஓவியம் மட்டுமே. வெண்ணிற ஆடை, இடைக்கச்சில் செருகிய வெள்ளி அளவுகோல், கையில் கவராயமும் மிண்டனின் வரைபடமும்.

அவர் கப்பல்களோ நிழற்படக் காலத்தையும் கண்டன. கங்கை, சிறுவர் பயிற்சிக் கப்பலாகப் பல படங்களில் நிற்கிறது. 1815இல் கட்டிய வெல்லஸ்லி, 1940இல் தேம்ஸ் நதியில் ஜேர்மன் விமானங்களின் குண்டுக்கு இரையாயிற்று. திருகோணமலை 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டது. கொப் என்னும் செல்வந்தர் அதனை வாங்கிக் காப்பாற்றி, இளைஞர் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். முன்பு விபத்தில் இழந்த தம் பழைய கப்பலின் நினைவாக ஃபூத்ரயாங் என்ற பெயரையும் அதற்கு இட்டார். சுஃப்ரேனோடு நடந்த போரின் நினைவாகப் பிறந்த கப்பல், பல பதிற்றாண்டுகள் ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சுமந்து திரிந்தது. 1987இல் அது ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. 1992இல் திருகோணமலை என்ற பெயர் திரும்பியது. 2001இல் சீரமைப்பு நிறைவெய்தியபோது, அதன் மரங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஜம்ஷெட்ஜியின் தொழிலாளர் பம்பாயில் பொருத்தியவையாகவே இருந்தன.