இருட்டு இளவரசன் ஆன விளக்கு வியாபாரி



குமணன்சாவடியிலிருந்து அம்பத்தூர், பாடி பக்கம் போனவர்களுக்கு லூகாஸ் ஸ்டாப்பிங் தெரிந்திருக்கும். அது ஊர்ப் பெயர் இல்லீங்க! 1961-இல் ஆரம்பித்த லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியால் வந்த பெயர். காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் அங்கே செய்கிறார்கள். டிவிஎஸ் என்றால் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார். சரி, லூகாஸ் யார்?

ஜோசப் லூகாஸ் 1834-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். ஆறு பிள்ளைகள், கையில் வேலை இல்லை. நம்ம தெருவில் முன்னாடி மண்ணெண்ணெய் வண்டி வருமே, அதே மாதிரி தள்ளுவண்டியில் விளக்கெரிக்கும் எண்ணெய் விற்றார். 1860-இல் சொந்தத் தொழில் தொடங்கினார். வாளி, முறம் என்று தகர சாமான்கள் செய்தவர், 1875-இல் கப்பல் விளக்குக்கு வந்தார்.

அப்போது முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும் சைக்கிள்தான் ஓடியது. அதில் விளக்கை எங்கே மாட்டுவது? 1879-இல் சக்கரத்தின் நடு அச்சிலேயே தொங்கும் எண்ணெய் விளக்கு ஒன்றை அவர் கம்பெனி செய்தது. சக்கரம் சுற்றும், விளக்கு சுற்றாது! அதற்கு ‘சாலையின் ராஜா’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவர் பெயரே கம்பெனிக்கு நிலைத்துவிட்டது.

மது தொடாதவர். 1902-இல் இத்தாலி போன இடத்தில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார்.

கதை இங்கேதான் திரும்புகிறது. அதன்பிறகு கம்பெனி கார் மின்சாமான்களில் இறங்கி, இங்கிலாந்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லூகாஸ் சாமான்தான் என்று ஆனது. மழையில் ஹெட்லைட் மங்கினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் திட்டு லூகாஸுக்கு! கார்க்காரர்கள் கிண்டலாக வைத்த பட்டப்பெயர்தான் ‘இருட்டின் இளவரசன்’. ஆங்கிலத்தில் அது சாத்தானைக் குறிக்கும் பெயர். லூகாஸ் சுவிட்சுக்கு மூன்றே நிலைதான், மங்கல், மினுக்கல், அணைதல் என்றும் ஜோக் உண்டு. எர்த் ஒயரில் துரு பிடித்தாலே எந்தக் கம்பெனி விளக்கும் மங்கும். அதை யார் பார்த்தார்கள்?

எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. கம்பெனி மேல் கோபம் இருக்கலாம். விளக்கு விற்றே பிழைத்த மனுஷனுக்கு இருட்டு என்றா பெயர் வைப்பது?

எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு ‘டியூப்லைட்’ என்று பெயர். ஒரே ஒரு நாள் லேட்டாகப் பதில் சொன்னான், அவ்வளவுதான்! இதை எழுதி முதலில் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். லூகாஸுக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியுமா என்று கேட்டான். தெரியாதுடா, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். கொடுத்து வைத்தவர் என்று சொல்லிச் சிரித்தான்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு