கண்ணீரைக் கடமையாக்கியவர்

பிறர் துன்பத்தைக் கண்டு கண்ணீர் விடுவது மனித இயல்பு. சிறிது நேரத்தில் அதை மறந்துவிடுவதும் மனித இயல்பே. கண் கண்ட துயரம் நெஞ்சில் இறங்கி, நெஞ்சிலிருந்து கைகளுக்கு வந்து சேரும்போதுதான் கருணை முழுமை பெறுகிறது. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர் எக்லன்டைன் ஜெப் அம்மையார்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள எல்லெஸ்மியரில், 1876 ஆகஸ்ட் 25 அன்று வசதியான குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றபின் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அப்பணி தமது இயல்புக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு விலகினார். வகுப்பறையில் சிறுவர்களைச் சமாளிக்கத் திணறிய அவரையே இறைவன் பின்னாளில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அன்னமிடும் கருவியாகத் தேர்ந்தெடுத்தான்!

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. ஆயினும் தோற்ற நாடுகளுக்கு உணவு செல்லாதபடி நேசநாடுகள் விதித்திருந்த கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். 'எதிரியின் குழந்தைக்கு இரங்குவதா?' என்பதே அன்றைய இங்கிலாந்தின் மனநிலை. ஜெப்பும் அவருடைய தங்கை டோரதி பக்ஸ்டனும் இதை ஏற்கவில்லை. பசியால் எலும்பும் தோலுமான ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் புகைப்படத்தை அச்சிட்ட துண்டறிக்கையை, 1919 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஜெப் விநியோகித்தார். தணிக்கை அனுமதி பெறாத குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். மே மாதம் நடந்த விசாரணையில் தமக்காகத் தாமே வாதாடினார். ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராக வாதிட்ட அரசு வழக்கறிஞரே அந்தத் தொகையைத் தம் கையிலிருந்து அவருக்குக் கொடுத்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. சட்டம் தண்டித்தது, மனசாட்சியோ வணங்கியது.

சில நாட்களில், 1919 மே 19 அன்று, ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்த பொதுக்கூட்டத்தில் 'சேவ் தி சில்ட்ரன்' நிதி தொடங்கப்பட்டது. மத எல்லைகளைக் கடந்து அவர் உதவி நாடினார். போப் பதினைந்தாம் பெனடிக்ட், அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று கத்தோலிக்கத் தேவாலயங்களில் குழந்தைகளுக்காக நிதி திரட்டுமாறு வேண்டினார்.

1921-இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியது. அந்தச் செய்தியையே நம்ப மறுத்தவர்களும், கம்யூனிஸ்ட் நாட்டுக்கு ஏன் உதவ வேண்டும் என்று கேட்டவர்களும் இங்கிலாந்தில் இருந்தனர். ஜெப்பின் நிறுவனம் வாதத்தில் இறங்கவில்லை. புகைப்படக் கலைஞர் ஒருவரைப் பஞ்சப் பகுதிக்கு அனுப்பி ஆவணப்படம் எடுக்கச் செய்து, நாடெங்கும் அரங்குகளில் திரையிட்டது. அது ஊமைப்படம். ஆனால் அந்தக் குழந்தைகளின் முகங்கள் பேசின. ஐயம் கொண்டிருந்தவர்களும் கண்ணால் கண்டனர், நிதி வந்தது. சரடோவ் பகுதியில் அமைந்த உணவுக்கூடங்களில் சுமார் 3 லட்சம் குழந்தைகள் நாள்தோறும் பசியாறினர்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். படம் எழுப்புவது ஓர் உணர்ச்சியலை மட்டுமே. அலை எழும்பியவுடன் தாழ்ந்துவிடும். இதை ஜெப் நன்கு அறிந்திருந்தார். எனவே இரக்கத்தோடு திட்டத்தையும், கணக்கு வழக்குகளில் ஒழுங்கையும் அவர் இணைத்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியும் பிரார்த்தனையும் அவருடைய உழைப்புக்கு ஊற்றாக இருந்தன. பஞ்சம் தீர்ந்ததும் பணி தீரவில்லை. குழந்தையைக் காப்பது தருமமாக இடப்படும் பிச்சை அன்று, அது சமுதாயத்தின் கடமை என்று உணர்ந்து, ஐந்து கருத்துகள் கொண்ட குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1923-இல் உருவாக்கினார். இனம், தேசம், மதம் ஆகிய வேறுபாடுகளுக்கு அதில் இடமில்லை. 1924-இல் சர்வதேச சங்கம் அதனை ஏற்றது. அதன் வழிவந்ததே ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

நெடுங்காலம் நோயுற்றிருந்தும் ஓய்வறியாது உழைத்த அவர், 1928 டிசம்பர் 17 அன்று ஜெனீவாவில் 52-ஆம் வயதில் மறைந்தார். சொந்தப் பிள்ளைகள் அவருக்கு இல்லை. அவர் அந்நியர் என்று ஒதுக்கிய பிள்ளைகளும் இல்லை.

இன்று துயரக் காட்சிகள் நம் உள்ளங்கைக்கே வந்துவிடுகின்றன. ஒன்றைக் கண்டு கலங்கி, அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறோம். அன்பர்களே, அடுத்த முறை அத்தகைய காட்சி நம் கண்களை நனைக்கும்போது, கண்ணீர் உலர்வதற்குள் நம்மால் இயன்ற ஒரு சிறு செயலையேனும் தொடங்கிவிடுவோம். அந்தச் செயலே நம் பிரார்த்தனையாக அமையட்டும்.