கப்பல் கட்டப் போனவர் அகராதி கட்டினார்!



எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று சாதித்தவர்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். நான் இங்கே எழுதப்போவது இஞ்சினியரிங்கைப் பாதியிலேயே விட்ட ஒருவரைப் பற்றி! பெயர் சைட்டோ ஹிடேசபுரோ. ஜப்பானுக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாத்தியார்.

1866-ல் ஜப்பானின் வடகிழக்கே செண்டாய் நகரில் சாமுராய் குடும்பத்தில் பிறந்தார். அடுத்த இரண்டாவது வருஷமே மெய்ஜி ஆட்சி வந்தது. ரயில், தந்தி, நீராவிக் கப்பல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்றுக்கொள்ள நாடே கிளம்பிய காலம் அது. சொல்லிக் கொடுக்க வந்தவர்களில் பலர் வெள்ளைக்காரர்கள். ஆக, இங்கிலீஷ் தெரிந்தால்தான் இஞ்சினியரிங். நம்ம கதை மாதிரியே இல்லை?

1880-ல், 14 வயசில், டோக்கியோவின் கோபு டைகாக்கோ என்ற பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். ஆறு வருஷப் படிப்பு. அதில் கடைசி இரண்டு வருஷம் வேலைத் தளத்தில் பயிற்சி. நம்ம சாண்ட்விச் கோர்ஸுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஹிடேசபுரோ எடுத்தது கப்பல் கட்டும் துறை. ஆனால் அவர் மனசைப் பிடித்தவர் இங்கிலீஷ் வாத்தியார் ஜேம்ஸ் மெயின் டிக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஜப்பானிய மாணவர்களுக்கென்றே ஆங்கில மரபுத்தொடர் அகராதி ஒன்றை 1887-ல் வெளியிட்டவர் இவர்தான்.

கல்லூரி நூலகத்தில் இருந்த இங்கிலீஷ் புத்தகங்களை எல்லாம் ஹிடேசபுரோ படித்துத் தீர்த்தார் என்று சொல்வார்கள். கடைசியில் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். செண்டாய், கிஃபு, நாகசாகி, நகோயா என்று ஊர் ஊராக வாத்தியார் வேலை. 1896-ல், 30 வயசில், டோக்கியோ கண்டா பகுதியில் சொந்தமாக ஒரு ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். கடைசிவரை அதுதான் அவர் உலகம்.

அப்படி என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டார்?

ஜப்பானிய மொழியிலும் நம்ம தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில்தான் வரும். இன், ஆன், அட் எல்லாம் நமக்கு வேற்றுமை உருபாகப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது போல, அவர்களுக்கும் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஏ, தி என்ற சமாச்சாரமே கிடையாது. அதனால் அங்கேயும் பையன்கள் பெரிய பெரிய வார்த்தைகளை மனப்பாடம் பண்ணிவிட்டுச் சின்ன வார்த்தைகளில் மாட்டிக்கொண்டார்கள்.

சைட்டோ இதைப் பிடித்தார். வார்த்தையைத் தனியாகப் படித்தால் பிரயோஜனம் இல்லை, அது எந்த வார்த்தையோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கணும் என்றார். யோசித்துப் பாருங்கள். கை கொடுத்தான், கைவிட்டான், கைகழுவினான்... மூன்றிலும் கை ஒன்றுதான், அர்த்தம் ஒன்றா? வெளிநாட்டுக்காரன் ஒருவன் கை என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு வந்தால் என்ன கதி?

நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். வேர் என்றால் உடுத்துவது. வேர் அவுட் என்றால் தேய்ந்து போவது. ரன் அவுட் என்றால் நமக்கு கிரிக்கெட், டயல் கேஜ் பிடித்தவனுக்கு ஜாப் ஆட்டம் காட்டுவது. புது இஞ்சினுக்கு ரன் இன். நின்றுபோன மெஷினுக்கு பிரேக் டவுன். மெஷின் மேனுவல் முழுக்க இந்தக் குட்டி வார்த்தைகள்தான்!

1898-லிருந்து அவருடைய பிராக்டிகல் இங்கிலீஷ் கிராமர் வெளிவந்தது. பிரிபொசிஷன்களுக்கு மட்டுமே தனி நூல்வரிசை எழுதினார். 1915-ல் மரபுத்தொடரை மையமாக வைத்து ஆங்கிலம்–ஜப்பானியம் அகராதி. மற்ற அகராதிகள் சட்டென்று தாண்டிப்போகும் பிரிபொசிஷன்களுக்கு இதில் பக்கம் பக்கமாக விளக்கம். நூறு வருஷம் கழித்து, 2016-ல், இவானாமி பதிப்பகம் அதற்குப் புதுப் பதிப்பே போட்டது என்றால் பாருங்களேன்!

1928-ல் ஜப்பானியம்–ஆங்கிலம் பேரகராதி. அதில் தம் நாட்டு நாட்டுப்பாடல்களைக்கூட இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சேர்த்தார். அதன் முன்னுரையில், ஜப்பானியர் பேசும் ஆங்கிலம் ஒரு வகையில் ஜப்பானியத்தன்மையோடுதான் இருக்கணும் என்று துணிந்து எழுதினார். இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட வெளிநாடு போனதில்லை! டோக்கியோவுக்கு வந்த ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவையே பார்வையாளர் வரிசையிலிருந்து உச்சரிப்பு சரியில்லை என்று அதட்டினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தத் தைரியம் அவருடையதுதான்.

1929 நவம்பரில், 63 வயசில் காலமானார். மகன் ஹிடேயோ சைட்டோ செல்லோ இசைக்கலைஞர். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் செய்ஜி ஒசாவாவின் குரு.

நண்பர்களே, நானும் தமிழ் மீடியம்தான். எங்கள் செட்டில் நன்றாக ஃபைலிங் போடுகிற ஒருவன், பாடமே புரியலைடா என்று முதல் செமஸ்டரிலேயே பெட்டியைக் கட்டிவிட்டான். கையில் தொழில் இருந்தது. தடுத்தது பாஷை ஒன்றுதான். சைட்டோவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு அவன் ஞாபகமாகவே இருக்கு.

ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே! இங்கிலீஷ் என்பது மூளைக்கு வைக்கிற பரீட்சை இல்லை. அதுவும் ஒரு டூல்தான். டூலைக் கண்டு பயப்படுகிறவர்களா நாம்? பத்து வார்த்தையைத் தனித்தனியாக மனப்பாடம் பண்ணுவதை விட, ஒரு வார்த்தையைப் பத்து இடத்தில் பாருங்கள். பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் முழிக்கிறானா, அவனையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருத்தரும் பெட்டி கட்ட வேண்டாம்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை