ஆணி பொறுக்கிய பஸ் முதலாளி

நந்தனம் சிக்னல். மாலை நேரம். சிவப்பு விளக்கு விழுகிறது. அண்ணா சாலையில் வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒரு கார் மட்டும் கிரீச் என்று கத்திக்கொண்டு நிற்கிறது. ஓட்டுகிறவர் காதில் அது விழவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின் ஸீட்டில் இரண்டு குழந்தைகள்.

அந்தச் சத்தம் ஓர் எச்சரிக்கை. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதை இரு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவது பிரேக் பேட். பிடிக்கப் பிடிக்கப் பேட் தேயும். மிகவும் தேய்ந்துவிட்டால், அதில் வைத்திருக்கும் சிறு இரும்பு நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். என்னை மாற்று என்று அதற்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒரு பெரியவரின் நினைவு வந்தது. இதே சாலையில் வடக்கே போனால், அவர் பெயரால் ஒரு பஸ் நிறுத்தமே உண்டு. டி.வி.எஸ்.! அந்த மூன்று எழுத்துக்கு உரியவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி என்ற ஊர். அங்கே 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி அவர் பிறந்தார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அப்படியே வக்கீல் ஆனார். மனம் ஒட்டவில்லை. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். பிறகு பாங்கியில் பார்த்தார். அதுவும் பிடிக்கவில்லை. மாதச் சம்பளத்தை உதறிவிட்டு மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1912-இல் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 35. மதுரை அவருடைய ஊராயிற்று.

அந்தக் காலத்து ரோடுகளை இன்றைய பிள்ளைகள் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. சரளைக் கல், புழுதி, மாட்டு வண்டி. அநேகமாக எல்லா மோட்டார்களுக்கும் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக் உண்டு. டிரைவர் பலம் கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும். பிரேக்குக்கு ஒட்டுகிற லைனிங்கே அப்போது புதிய சரக்கு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் மலைப் பாதையில் குதிரை வண்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டி, வண்டியை மெல்ல இறக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் 1897-இல் லைனிங் செய்யத் தொடங்கினார். செருப்பில் பிறந்த சமாச்சாரம் இது!

சுந்தரம் அய்யங்காரின் பஸ்ஸைப் பற்றி மதுரைப் பக்கத்தில் இரண்டு கதைகள் சொல்வார்கள். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்களாம். இது ஒன்று. மற்றது ஆணிக் கதை. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் ரோடெல்லாம் கிடக்கும். அவை டயரைக் குத்தும், பஸ் வழியில் நிற்கும். இதற்கு அவர் என்ன செய்தார்? காந்தம் பூட்டிய ஒரு வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பார்கள்.

எனக்கு இரண்டாவது கதைதான் அதிகம் பிடிக்கும். பங்சரான பிறகு ஒட்டுவதற்கு எல்லாருக்கும் தெரியும். பங்சர் ஆவதற்கு முன்பே ஆணியைத் தேடுகிறவர் எத்தனை பேர்?

பிரேக் விஷயமும் இதுதான். கத்துகிற வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. புதுப் பேட்டில் தேய்கிற பகுதி சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய அந்தக் கனம். பல கார்களில் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்தே இதைப் பார்க்கலாம். பிரேக் ஆயில் கசிவு இல்லாமலே மெல்லக் குறைந்து வந்தால் அதுவும் பேட் தேய்வதற்கு அடையாளம். ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, நிற்க வழக்கத்தைவிட அதிக தூரம் எடுத்தாலோ, அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் இரண்டொரு தரம் கத்திவிட்டு நின்றுபோனால் பயம் இல்லை. அது டிஸ்க்கில் படிந்த துருவின் சத்தம்.

கிரீச் சத்தம் மாறி, கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால்? பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு மோதுகிறது என்று பொருள். டிஸ்க்கும் கீறிப் பாழாகும். செலவு பல மடங்கு. செலவாவது போகட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் அந்த ஒரு விநாடிக்கு என்ன விலை சொல்வது?

இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பல பஸ்கள் நின்றன. சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரியிலிருந்து வாயு எடுத்து மோட்டாரை ஓட்டும் காஸ் பிளான்ட் செய்ய ஏற்பாடு செய்தார். பஸ்ஸின் பின்னால் பெரிய அடுப்பைப் போல ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடிய அந்தப் பஸ்களைப் பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்!

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. கார் விற்பனை, உதிரி பாகங்கள், ரிப்பேர் என்று தொழில் விரிந்தது. பிள்ளைகள் தலையெடுத்ததும் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78.

அவர் காலத்தில் பிரேக் சாமான்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்தன. அவருக்குப் பிறகு, 1962-இல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியை அவருடைய குடும்பத்தார் தொடங்கினார்கள். சென்னை பாடியில் தொழிற்சாலை எழுந்தது. 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் கம்பெனியும் வந்தது. பழைய பூட்ஸில் தொடங்கிய சரக்கு பாடியிலேயே தயாராகிறது.

நந்தனத்தில் பச்சை விளக்கு விழுந்தது. அந்தக் கார் சைதாப்பேட்டைப் பக்கம் புறப்பட்டது. சிறிது தூரம் போனதும் மறுபடியும் கிரீச் என்று கேட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினார். கண்ணாடி இன்னும் இறங்கவில்லை.